எலும்பு மஜ்ஜையில் ஜீன் பரிசோதனை எடுத்தால் ஆயுசு தெரிந்துவிடுமா?

அப்பாவுக்கு எம்.டி.எஸ். (எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களைச் சரியாக உருவாக்காத நோய்) என்று சொல்லியிருக்கிறார்கள், ஜீன் பரிசோதனை எடுத்தால் இன்னும் எத்தனை வருஷம் என்று தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. குலசேகரம் பக்கம் முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டிய என் அப்பாவுக்கும் இதே நோய்தான். தோட்டத்துச் சரிவில் ஏறும்போது பத்து மரத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்தார், அப்படித்தான் தெரிய வந்தது.

ஜீன் பரிசோதனை என்பதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஜீனில் பிழை இருக்கிறதா என்பது ஒன்று. எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்பது வேறு. அப்பாவுக்கு இப்படிச் சொன்னேன்: 105 என்ற ரக ரப்பர் ஒட்டுமரத்தில் இலைக்கும் பட்டைக்கும் தடிக்கும் ஒரே ஜீன்கள்தான், ஆனால் பால் பட்டையில்தான் வருகிறது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ எனக்க மஜ்ஜையில வேலை நடக்கல்ல, இல்லியா மக்களே" என்றார். அதேதான்.

இந்த இரண்டாவது வகை ஆராய்ச்சி நிறையக் கற்றுத் தந்திருக்கிறது. 5ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் போகும் எம்.டி.எஸ். வகை ஒன்றில், ஆர்.பி.எஸ்.14 என்ற ஜீன் பாதி அளவே வேலை செய்வதால் சிவப்பணு உருவாவது தடைப்படுகிறது என்று 2008இல் கண்டார்கள். ஏ.எம்.எல். ரத்தப் புற்றுநோய்க்கு 17 ஜீன்களின் அளவை வைத்து மதிப்பெண் போடும் முறை 2016இல் வந்தது. ஆனால் எம்.டி.எஸ்ஸுக்கு மருத்துவர் வழக்கமாகப் பார்ப்பது குரோமோசோம், பிளாஸ்ட் (முதிராத ரத்த அணு) சதவீதம், ஹீமோகுளோபின், பிளேட்லெட், நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளையணு) ஆகியவற்றைத்தான். இந்த ஐந்தும் சேர்ந்ததுதான் ஆபத்தைக் கணக்கிட 2012இல் வந்த ஐ.பி.எஸ்.எஸ்.-ஆர் என்ற மதிப்பெண் முறை. 2022இல் வந்த ஐ.பி.எஸ்.எஸ்.-எம் 31 ஜீன்களின் பிழைகளையும் சேர்த்துக்கொள்கிறது.

ஐ.பி.எஸ்.எஸ்.-ஆர் கணக்கில் என் அப்பா 'குறைந்த ஆபத்து' பிரிவு. அதன் பட்டியலில் அதற்கு நேரே 5.3 வருஷம் என்று இருந்ததைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அது கெடு இல்லை என்று மருத்துவர் மறுநாள் விளக்கினார். அந்தப் பிரிவில் பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்பதே அதன் அர்த்தம். அதுவும் நோயை மாற்றும் சிகிச்சை எடுக்காதவர்களின் கணக்கு.

அதனால் ரிப்போர்ட்டில் குரோமோசோம் முடிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் பிழை உள்ள ஜீன்களில் எஸ்.எஃப்.3.பி.1, டி.பி.53 ஆகிய இரண்டு பெயரையும் தேடுங்கள். முதலாவது மட்டும் தனியாக இருந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி. இரண்டாவதின் இரு பிரதியும் கெட்டிருந்தால் மருத்துவரிடம் சீக்கிரமே உட்கார்ந்து பேச வேண்டும். போகும்போது பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். எண்கள் இறங்கிய வேகத்தை அவர் கண்டிப்பாகக் கேட்பார்.