அம்மாவுக்கு வல்வா புற்றுநோய். கட்டி சின்னதுதான், பழகிய டாக்டரே எடுத்துவிடலாமா?

வேண்டாம். பெண்ணுறுப்புப் புற்றுநோய்க்கென்றே பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர் பார்க்கும் வரை அந்தக் கட்டியில் யாரும் கத்தி வைக்க விடாதீர்கள். நான் மருத்துவர் இல்லை. என் அம்மாவுக்கு இதே நோய் வந்து நான்கு வருஷம் ஆகிறது, ஆரம்பத்திலிருந்து கூடவே இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வேறு, இது வேறு. வல்வா என்பது வெளியே கண்ணுக்குத் தெரிகிற பகுதி: பெரிய உதடு, சிறிய உதடு, கிளிட்டோரிஸ், யோனி வாயைச் சுற்றியுள்ள தோல். கர்ப்பப்பை வாயிலிருந்து எடுக்கிற பாப் ஸ்மியர் பரிசோதனையில் இது தெரியாது. கண்ணால் பார்த்தால்தான் தெரியும். அங்கேதான் பிரச்சினையே. அம்மாவுக்கு இரண்டு வருஷமாக அரிப்பு. யாரிடமும் சொல்லவில்லை. பிறகு சொன்னபோதும், படர்தாமரை என்று களிம்பு எழுதிக் கொடுத்தவர் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் அம்மா எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்வார். இடுப்பு வலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றும் அதை நினைத்தால் மனசு கேட்காது.

ஏன் வந்தது என்று உங்கள் அம்மா கேட்பார். தப்பு செய்ததால் வந்த நோய் இல்லை என்று முதலில் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று எச்.பி.வி. வைரஸ், வாழ்க்கையில் பெரும்பாலானோருக்கு ஏதோ ஒரு சமயம் வந்துபோகிற வைரஸ்தான், சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. இன்னொன்று லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற தோல் நோய். தோல் வெளுத்து, காகிதம் மாதிரி மெலிந்து, தாங்க முடியாமல் அரிக்கும். வயதானவர்களுக்கு வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான், அம்மாவுக்கும் அப்படித்தான். லைக்கன் இருக்கிற எல்லோருக்கும் புற்றுநோய் வராது, வருவது நூற்றில் நான்கைந்து பேருக்குத்தான். வீரியமான ஸ்டீராய்டு களிம்பை ஒழுங்காகப் போட்டு வந்தால் அந்த ஆபத்தும் குறைகிறது.

சரி, ஏன் சிறப்பு மருத்துவர்? இது அபூர்வமான நோய். 2020-ல் உலகம் முழுக்கவே சுமார் 45,000 பெண்களுக்குத்தான் புதிதாக வந்தது. ஒரு சாதாரண மகப்பேறு மருத்துவர் இதை அடிக்கடி பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதைவிட முக்கியமான காரணம், கட்டியை எடுப்பதோடு வேலை முடியாது. இந்த நோய் முதலில் தொடை இடுக்கில் இருக்கிற நிணநீர் முடிச்சுகளுக்குத்தான் பரவும். நாம் நெறி கட்டியிருக்கிறது என்போமே, அந்த இடம். அங்கே போயிருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாம்.

முன்பெல்லாம் வல்வா முழுவதையும் இரண்டு பக்க நெறிகளோடு சேர்த்து ஒரே துண்டாக எடுத்துவிடுவார்களாம். புண் ஆற மாதக்கணக்காகும். இப்போது அப்படி இல்லை. 4 செ.மீ.க்குக் குறைவான ஒரே கட்டி, தொடை இடுக்கில் எதுவும் தட்டுப்படவில்லை என்றால், கட்டியைச் சுற்றி மருந்தும் நீலச் சாயமும் ஊசியில் போட்டு, அது முதலில் போய்ச் சேருகிற முடிச்சை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். காவல் முடிச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொடுவதில்லை. கட்டி 2 செ.மீ.க்குள், அது தோலுக்குள் இறங்கிய ஆழம் 1 மி.மீ.க்குள் இருந்தால் முடிச்சுப் பக்கமே போக வேண்டியதில்லை. ஆனால் வேறொருவர் அவசரப்பட்டுக் கட்டியை முழுசாக எடுத்துவிட்டால், சாயம் எங்கே போடுவது, ஓரம் எவ்வளவு விடுவது என்ற கணக்கெல்லாம் சிக்கலாகிவிடும். முதலில் வேண்டியது ஒரு சின்னச் சதை டெஸ்ட் (பயாப்ஸி) மட்டும்தான்.

அம்மாவுக்கு இடது பக்கக் காவல் முடிச்சில் நோய் இருந்தது. அதனால் அந்தப் பக்க முடிச்சுகளை எடுத்தார்கள், பிறகு வாரத்துக்கு 5 நாள் கதிர் சிகிச்சை. அறுவை முடிந்ததும் தொடை இடுக்கில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள், அதன் முனையில் சின்ன பல்பு மாதிரி ஒன்று. அதை நைட்டியில் ஊக்கு போட்டு மாட்டியிருந்தோம். தினமும் காலையில் அதில் சேர்ந்த நீரை அளந்து நோட்டில் எழுதுவேன். 90, 70, 75, 40. எண் குறைந்த அன்றைக்கெல்லாம் அம்மா கொஞ்சம் கூடச் சாப்பிடுவார். முடிச்சுகளை எடுத்ததால் இடது கால் இப்போதும் சாயங்காலம் வீங்கும். அழுத்தக் காலுறை போடுகிறார், அந்தக் காலில் சின்னக் கீறல் பட்டாலும் உடனே கவனிக்கிறோம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: அறுவைக்குப் பிறகு சிறுநீர் நேராகப் போகாமல் பக்கவாட்டில் சிதறலாம். அம்மா அதற்காக வெளியே போவதையே நிறுத்தியிருந்தார். செவிலியரிடம் கேட்ட பிறகுதான் முன்னால் சாய்ந்து உட்காரும் வழியைச் சொல்லிக் கொடுத்தார். உங்கள் அம்மா இளவயதினர் என்றால் தாம்பத்தியம் பற்றிய கேள்வியும் இருக்கும். நீங்கள் அறையை விட்டு வெளியே வந்து, அவர் தனியாகக் கேட்க வழி விடுங்கள்.

நோய் வல்வாவைத் தாண்டாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஐந்து வருஷம் தாண்டி உயிரோடு இருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்குக் கட்டி சின்னது என்கிறீர்கள், அது நல்ல செய்திதான்.

சிறப்பு மருத்துவரிடம் போகும்போது சதை டெஸ்ட் அறிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். லேபில் கேட்டு ஸ்லைடுகளையும், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கிற மெழுகு பிளாக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆழம் எத்தனை மி.மீ. என்று அந்த மருத்துவமனையில் தங்கள் கண்ணால் மறுபடி பார்ப்பார்கள். எங்களிடம் அது இல்லாமல் ஒரு வாரம் வீணாகப் போனது.