அமெரிக்காவில் ஜட்ஜை மக்களே ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கிறார்களாமே, உண்மையா? யாரென்றே தெரியாமல் எப்படி ஓட்டு போடுவார்கள்?

உண்மைதாங்க, ஆனா எல்லா ஜட்ஜும் இல்ல. ஃபெடரல், அதாவது மத்திய அரசு கோர்ட்டுக்கு பிரசிடென்ட் ஆள் போடுவார், செனட் ஓகே பண்ணணும், அது ஆயுசுக்கும் பதவி. மாநில கோர்ட்டுக்கான முறை ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். நியூ ஜெர்சில கவர்னர் போடுறார், நான் இருக்கிற டெக்சாஸ்ல கட்சி பேரோட எலக்‌ஷன், டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜுக்கு 4 வருஷம். நீங்க அநேகமா சிவில் ஜட்ஜ் எக்ஸாமுக்குப் படிக்கிறவரா இருப்பீங்க, கடுப்பாத்தான் இருக்கும்.

ரெண்டாவது கேள்விக்குப் பதில், தெரியாமத்தான் போடுறோம். நானே போட்டிருக்கேன்.

2018, சிட்டிசன் ஆகி முதல் ஓட்டு. மேல கவர்னர், செனட்டர்னு தெரிஞ்ச பேரு, கீழ போகப் போக ஜட்ஜ் ஜட்ஜ் ஜட்ஜ், ஒருத்தர் பேரு கூட கேள்விப்பட்டதில்ல. அப்போ ஸ்ட்ரெயிட் டிக்கெட்னு இருந்துச்சு, கட்சி பேரை ஒருதடவை தொட்டா அத்தனை பதவிக்கும் அந்தக் கட்சிக்கே விழுந்துடும். தொட்டேன், ஓட்டு போட்டதுக்குக் குடுக்கிற ஸ்டிக்கரை வாங்கிட்டு செல்ஃபி எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டேன். எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, ரெண்டு பக்கமும் இப்படித்தான்.

2021 பிப்ரவரி பனில கரண்ட் போய் எங்க வீட்டு அட்டிக்ல, அதான் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல, பைப் வெடிச்சு சீலிங் மொத்தமா கீழ வந்துருச்சு. ரிப்பேர் பண்ணித் தர்றேன்னு ஒரு கான்ட்ராக்டர் 3,500 டாலர் அட்வான்ஸ் வாங்கிட்டு ஆளையே காணோம். இதுல எங்க குடியிருப்பு அசோசியேஷன்காரங்க வேற, நனைஞ்ச சீலிங் பலகையை வாசல்ல போட்டதுக்கு நோட்டீஸ் மேல நோட்டீஸ், கூரை ஒழுகும்போது எட்டிப் பாக்காதவன் குப்பையை மட்டும் போட்டோ எடுக்குறான், மாசாமாசம் கட்டுற காசு எங்க போகுதுன்னு கேட்டா பதில் கிடையாது. சரி, அதை விடுங்க.

கேஸ் போட்டேன், ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்னு சின்ன கேஸுக்கான கோர்ட், 20,000 டாலர் வரைக்கும் அங்க போகலாம், வக்கீல் தேவையில்ல. அந்த ஜட்ஜே வக்கீலா இருக்கணும்னு இங்க சட்டம் கிடையாது, அதையும் தெரிஞ்சுக்கோங்க! உள்ள உக்காந்திருக்கும்போது வீட்டம்மா மெதுவா கேட்டா, "இவருக்குத்தான் நீங்க ஓட்டு போட்டீங்களா?" எனக்குத் தெரியலைங்க. என் காசு விஷயத்துல முடிவு சொல்லப்போற மனுஷன், அவருக்கு ஓட்டு போட்டேனா எதிரா போட்டேனான்னே தெரியல. ஒரு மாதிரி ஆயிடுச்சு. மத்தபடி அவர் பொறுமையாத்தான் கேட்டார், குறை சொல்ல மாட்டேன்.

2022ல ஸ்ட்ரெயிட் டிக்கெட் கிடையாது, ஒவ்வொண்ணா தொடணும். பூத்துக்குள்ள செல்போனும் எடுக்கக் கூடாது, அதனால பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போனேன். எங்க ஃபோர்ட் பெண்ட் கவுன்ட்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) 240வது டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்கு சுரேந்திரன் பட்டேல் நின்னார். பட்டேல்னதும் குஜராத்தின்னு நினைக்காதீங்க, காசர்கோட்டு மலையாளி. பத்தாவதோட படிப்பை நிறுத்திட்டு பீடி சுத்தினவர், அப்புறம் காலேஜ், 1995ல கோழிக்கோட்டுல சட்டப் படிப்பு முடிச்சு வக்கீல் ஆனார். மனைவி நர்ஸ், அவங்க வேலைக்காக 2007ல டெக்சாஸ் வந்தாங்க. இவர் இங்க மளிகைக் கடைல வேலை பாத்துக்கிட்டே வக்கீல் ஆகறதுக்கான பார் எக்ஸாம் பாஸ் பண்ணினார், 2017லதான் சிட்டிசன். கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற ப்ரைமரி தேர்தல்லயே, சொந்தக் கட்சிக்காரரா பதவில இருந்த ஜட்ஜைத் தோக்கடிச்சார், நவம்பர்லயும் ஜெயிச்சு 2023 ஜனவரி 1 பதவி ஏத்தார். இங்கிலீஷ் உச்சரிப்பை வெச்சே அவரை மட்டம் தட்டினாங்களாம், மீட்டிங்ல வாய் திறக்கவே யோசிக்கிற எனக்கு அது சுருக்குனு பட்டுச்சு.

நம்ம பக்கத்து ஆளுன்னு தூக்கிப் பேசுறேன்னு கமென்ட்ல வராதீங்க. ஓட்டு முறை ஒசத்தின்னும் சொல்லல. தன் முன்னாடி வாதாடுற வக்கீல்கள்கிட்டயே ஜட்ஜ் தேர்தல் நிதி வாங்குறது எனக்கும் உறுத்துது. டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜுக்கு 4 வருஷ வக்கீல் அனுபவம் போதும்னு இருந்ததை 2021ல ஓட்டு வெச்சு 8 ஆக்கினாங்க, அது ஒண்ணு நல்லது.

2022ல பட்டேல்ங்கிற அந்த ஒரு பேரைத்தான் உருப்படியா படிச்சுட்டுப் போட்டேன். மிச்ச ஜட்ஜுங்கள்ல பாதிக்கு மேல காலியா விட்டுட்டு வந்தேன். கேஸ் ஜெயிச்சாச்சு, கான்ட்ராக்டர் கோர்ட்டுக்கே வரல. இங்க இந்த மாதிரி கடனுக்கு சம்பளத்துல கை வைக்க முடியாதாம். தீர்ப்பு பேப்பர் டிராயர்லதான் கிடக்கு, 3,500ல ஒரு டாலர் கூட வரல.