களாக்காயும் பேக்கரி செர்ரியும் ஒன்றுதானா?

பெரும்பாலும் ஆமாம். பன், கேக் மேலே சிவப்பாக மினுங்குவது பல கடைகளில் நம் களாக்காய்தான். விதையை எடுத்து, உப்புநீரில் ஊறவைத்து, சாயம் கலந்த சர்க்கரைப் பாகில் போட்டுவிடுகிறார்கள். பாகில் கரையாத அளவுக்குச் சதை உறுதியானது, அதனால்தான் இந்தக் காய்.

களா இந்த மண்ணின் செடி. திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காட்டுக்குப் பெயர் வந்ததே களாப்புதர்களால்தான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பறித்துப் பாருங்கள்: காம்பு ஒடிந்த இடத்தில் வெள்ளைப்பால் துளிர்க்கும், விரலெல்லாம் பிசுபிசுக்கும். அரளிக் குடும்பம் அல்லவா! ஆனால் அரளி விஷம். களாவை இரட்டை முள்ளையும் மல்லிகை போன்ற வெள்ளைப் பூவையும் வைத்து அடையாளம் காணலாம்.

பச்சைக்காய் ஊறுகாய்க்கு. கருநீலமாகப் பழுத்ததும் அப்படியே தின்னலாம். புளிப்பும் இனிப்பும் சேர்ந்த அந்த ருசி, சாயப்பாகில் ஊறிய செர்ரிக்குச் சத்தியமாகக் கிடையாது. பெக்டின் நிறைய இருப்பதால் ஜாமும் நன்றாக உறையும்.

அப்புறம், தோட்டத்துக்கு வேலி போடப் போகிறீர்களா? கம்பிக்குப் பதில் களா வையுங்கள். ஆடும் நுழையாது, தண்ணீரும் அதிகம் கேட்காது.