ஒரே அப்பாவின் பிள்ளைகள் இரண்டு நாடுகளுக்கு எப்படி ஆடினார்கள்?

2010 கால்பந்து உலகக் கோப்பையில் ஜெரோம் போவாட்டெங் ஜெர்மனிக்கும், அண்ணன் கெவின்-பிரின்ஸ் கானாவுக்கும் எதிரெதிரே ஆடினார்கள். இருவரும் பெர்லினில் பிறந்தவர்கள். அம்மாக்கள் வேறு, அப்பா ஒருவரே, கானாவிலிருந்து வந்தவர்.

கெவின்-பிரின்ஸ் போல ஒரு நாட்டு அணியிலிருந்து இன்னொரு நாட்டு அணிக்குப் போவதற்குப் பெயர் தேசிய அணி மாற்றம். புலம்பெயர்ந்தோர் பிள்ளைக்குப் பிறந்த நாடு ஒன்று, பெற்றோர் நாடு இன்னொன்று, அதனால் இரண்டில் எந்த அணிக்கும் ஆட உரிமை கிடைக்கலாம். இளையோர் அணியில் ஆடுவது நிச்சயதார்த்தம் மாதிரி, நாட்டின் முதன்மை (சீனியர்) அணிக்காக, நட்பு ஆட்டமாக இல்லாத போட்டியில் ஆடுவதுதான் தாலி (2020-க்குப் பிறகு அதிலும் கொஞ்சம் தளர்வு!). கெவின்-பிரின்ஸ் ஜெர்மனியின் 21 வயதுக்குட்பட்டோர் அணி வரை ஆடியவர். மாறுவதற்கு இருந்த வயது வரம்பை உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 2009-இல் நீக்கியதால்தான் அவருக்குக் கதவு திறந்தது. அண்ணன் தம்பி மோதிய அந்த 2010 ஆட்டத்தில் ஜெர்மனி 1-0 என வென்றது. கோல் போட்ட ஓசிலும் துருக்கிக் குடும்பத்துப் பையன்தான்.

அப்புறம், காசு கொடுத்தால் எந்த நாட்டுக்கும் ஆடலாம் என்று நினைக்காதீர்கள், அது கிளப்புக்குத்தான். தேசிய அணிக்குக் குடியுரிமை கட்டாயம்.