சிவில் படித்த மகள் சட்டம் படிக்கலாமா?

வணக்கம் சார். "பி.இ. சிவில் படிக்க வைத்தேன், ஒப்பந்தக்காரர் கம்பெனியில் பில்லிங் பார்க்கிறாள், இப்போது வக்கீலாகணும் என்கிறாள். படித்ததெல்லாம் வீண்தானே?" என்று கேட்டிருந்தீர்கள். வீணில்லை. அரசு ஒப்பந்தம், கட்டுமானத் தகராறு என்ற பிரிவுக்குப் போவதானால் அந்த பில்லிங் அனுபவம்தான் அவளுக்கு மூலதனம்.

ஒரு பாலம் பதினெட்டு மாதத்தில் முடிய வேண்டியது, மூன்று வருஷம் இழுக்கிறது. நிலம் ஒப்படைக்கவில்லை, வரைபடம் தாமதம் என்பார் ஒப்பந்தக்காரர். ஆள் போடவில்லை, அபராதம் பிடிப்பேன் என்பார் அரசுத் துறையின் பொறியாளர். இங்கே பேச்சுத் திறமையைவிட எம்-புக்கும் (முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) கடிதத் தேதிகளும்தான் பேசும். ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவைப் பாருங்கள்: குறித்த காலத்தில் முடியாத வேலையைப் பிறகு ஏற்றுக்கொள்பவர், இழப்பீடு கேட்பேன் என்று அப்போதே அறிவித்திருக்க வேண்டும். அந்த ஒரு கடிதம் கோப்பில் இருக்கிறதா இல்லையா என்பதில் கோடிகள் கைமாறும். எம்-புக்கைப் புரட்டத் தெரிந்த வக்கீல்கள் குறைவு. பல சீனியர்கள் இதற்காகவே ஓய்வுபெற்ற பொறியாளர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.

இந்தத் தகராறுகளில் பல ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தீர்த்துவைக்கும் முறைக்கு, போகும். முன்பு துறையின் பொறியாளரே நடுவராக உட்காருவதுண்டு. ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 2015 திருத்தம் அதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. நடுவர் தீர்ப்பை எதிர்க்க மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் இன்னும் 30 நாள், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் நீதிமன்றம் கதவைத் திறக்காது.

ஆனால் ஆர்பிட்ரேஷனை மட்டும் நம்பச் சொல்லமாட்டேன். 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தகராறுகளுக்கு ஒப்பந்தத்திலேயே ஆர்பிட்ரேஷன் ஷரத்தை வழக்கமாகப் போட வேண்டாம் என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஜூனில் சொல்லிவிட்டது. அதனால் வணிக நீதிமன்ற வழக்கு, சமரசப் பேச்சு, டெண்டர் ரிட் (டெண்டர் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) எல்லாம் பழக வேண்டும். டெண்டருக்குத் தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை ஆழமாகப் படித்தவருக்குத் தனி மதிப்பு.

படிப்பு மூன்று வருஷ எல்.எல்.பி. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்து இடம் கொடுக்கிறார்கள். அஞ்சல்வழிச் சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிய முடியாது, ஏமாந்துவிடாதீர்கள். பதிந்தபின் அகில இந்திய பார் தேர்வு இருக்கிறது.

வருமானம்? ஜூனியராக முதல் சில வருஷம் இப்போதைய சம்பளம்கூட வராது. அதை வீட்டில் தாங்க முடியுமா என்று இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். முடியாதென்றால் பெரிய கட்டுமான நிறுவனங்களின் ஒப்பந்தப் பிரிவு நல்ல மாற்றுவழி. அங்கே பி.இ.யும் எல்.எல்.பி.யும் சேர்ந்தவரைத் தேடுவார்கள்.

அப்புறம், விண்ணப்பம் போடுவதற்குள் உயர் நீதிமன்ற இணையதளத்தில் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34-ஆம் பிரிவுத் தீர்ப்புகள் (நடுவர் தீர்ப்பை எதிர்த்த வழக்குகள்) நாலைந்து எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், இலவசம்தான். பக்கம் பக்கமாக ரன்னிங் பில்லும் (வேலை நடக்க நடக்கப் போடும் பில்) தேதிக் கணக்கும் வரும். அதற்குப் பிறகும் சட்டம்தான் என்றால் தாராளமாக அனுப்புங்கள்.