18 அங்குலம் கனம் இருந்தும் ஏன் இறங்கக் கூடாது?

கேள்வி: அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரையில், டுலூத் நகரில் வேலை பார்க்கிறேன். மார்ச் கடைசியாகியும் துறைமுகத்தில் பனிக்கட்டி 18 அங்குலம் இருக்கிறது என்று தூண்டில் போடுகிறவர்கள் சொல்கிறார்கள். 4 அங்குலம் இருந்தாலே நடக்கலாம் என்று படித்தேன். ராத்திரியில் மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரை இறங்குகிறது. ஏப்ரல் முதல் வாரம் மதுரையிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். கொஞ்ச தூரம் பனிமேல் நடத்திக் கூட்டிப்போய்ப் படம் எடுக்கலாமா? பனி எப்போது உடையும் என்று முன்கூட்டியே தெரியுமா?

பதில்: கூட்டிப் போகாதீர்கள். நீங்களும் இறங்காதீர்கள்.

4 அங்குலக் கணக்கு மினசோட்டா இயற்கை வளத் துறை சொன்னதுதான், தவறில்லை. ஆனால் அது புதிதாக உறைந்த, தெளிவான பனிக்கட்டிக்கு உரியது. மார்ச் பாதிக்கு மேல் அதே கணக்கை நம்பி இறங்குவதில்தான் வினை.

நன்னீர் ஏரி உறையும்போது படிகங்கள் மேலிருந்து கீழாக, தூண் தூணாக வளர்கின்றன. குளிர்காலத்தில் அவை ஒன்றோடொன்று இறுகிக் கிடக்கும். மார்ச்சில் வெயில் ஏறி, மேலே மூடியிருக்கும் வெண்பனி கரைந்ததும் ஒளி நேரே உள்ளே இறங்குகிறது. அப்போது முதலில் உருகுவது தூண்களுக்கு நடுவே இருக்கும் ஒட்டு. ஓட்டை போட்டு அளந்தால் 18 அங்குலம் 18 அங்குலமாகவே இருக்கும். உள்ளே கட்டு அறுந்த ஈர்க்குமாறு போல ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கும். கரையில் நின்றபடியே இதைச் சோதிக்கலாம். ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும் பாளம் ஒன்றை இரும்புக் கம்பியால் குத்திப் பாருங்கள். ஜனவரிப் பனியாக இருந்தால் சில்லு மட்டும் தெறிக்கும். இப்போது, விரல் தடிமனில் நீள நீளமான கண்ணாடிக் குச்சிகளாகக் கலகலவென்று சரியும். அந்தப் பனி ஓர் ஆளின் எடையைத் தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ராத்திரிக் குளிர் மேல்பரப்பை ஓடு மாதிரி இறுக்கும், அவ்வளவுதான். அடியில் விட்டுப்போன ஒட்டு ஓர் இரவில் சேராது. காலை 7 மணிக்குத் தாங்கிய அதே இடம் மதியம் 2 மணிக்கு அமிழ்வது இதனால்தான். முந்தின நாள் யாரோ நடந்த கால்தடமும் உங்களுக்கு அத்தாட்சி ஆகாது.

துறைமுகம் என்பதால் கப்பலும் வருகிறது. ஏரியின் கிழக்குக் கோடியில், சூ செயின்ட் மேரி ஊரில் உள்ள கப்பல் மதகுகள் ஜனவரி 15-ல் மூடி மார்ச் 25-ல் திறக்கின்றன. அதற்கு முன்பே கடலோரக் காவல்படையின் பனியுடைப்புக் கப்பல்கள் துறைமுகத்துக்குள் தடம் வெட்ட ஆரம்பித்துவிடும். உடைந்த துண்டுகள் அன்று இரவே லேசாக உறைந்து, மேலே இரண்டு அங்குலம் வெண்பனியும் விழுந்துவிட்டால், எது தடம், எது பழைய பனி என்று கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு மிகவும் பயம் தருவது இந்த மூடிய தடம்தான். இது போக, செயின்ட் லூயிஸ் ஆறு வந்து கலக்கும் இடத்தில் நீரோட்டம் பனியை அடியிலிருந்து அரிக்கிறது. கப்பல் துறைகளின் இரும்புத் தடுப்புகளும் தூண்களும் வெயிலில் சூடேறிச் சுற்றிலும் இளக்கிவிடுகின்றன.

எப்போது உடையும்? தேதி சொல்ல முடியாது, காற்றைக் கவனியுங்கள். டுலூத் ஏரியின் மேற்கு மூலை. கிழக்குக் காற்று அடித்தால் நடு ஏரியில் மிதக்கும் பனியெல்லாம் உங்கள் கரையில் வந்து குவியும்; மேற்குக் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். காலையில் நீலத் தண்ணீராகத் தெரிந்தது மாலையில் வெள்ளையாகிவிடுவதும் உண்டு. 2014-ல் சுப்பீரியர் உள்ளிட்ட ஐந்து பேரேரிகளின் பரப்பில் 92 சதவீதத்துக்கு மேல் உறைந்தது. அந்த ஆண்டு கடல் கடந்து வரும் முதல் கப்பல் டுலூத்தைத் தொட்டது மே 7-ல்தான்.

பார்க் பாயின்ட் மணல்திட்டுக்கு வெளியே, ஏரிப் பக்கமாகப் பனியில் நடப்பது இன்னும் மோசம். 2009 பிப்ரவரி 7 அன்று, பேரேரிகளில் இன்னொன்றான எரி ஏரியில், ஒஹாயோ கரைக்கு அருகே, பனியில் விழுந்திருந்த விரிசலின் மேல் மரப்பலகைகளைப் பாலமாகப் போட்டுக் கடந்து மீன்பிடிக்கப் போனார்கள். காற்று திரும்பியது, பாளம் கரையை விட்டு விலகியது. நூறு பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். பனி கனமாக இருந்தும் நடந்தது இது.

அப்படியும் யாராவது விழுந்துவிட்டால்: முதல் 1 நிமிடம் மூச்சு வாங்கும், தண்ணீரைக் குடிக்காமல் சமாளிக்க வேண்டும். அடுத்த ஏறக்குறைய 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப 1 மணி நேரம் வரை ஆகலாம். வந்த திசைக்கே திரும்புங்கள், அந்தப் பக்கப் பனிதான் உங்களைத் தாங்கியது. காலை உதைத்து உடம்பைக் கிடைமட்டமாக்கி மேலே சறுக்குங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே கரைக்கு வாருங்கள். பார்த்துக்கொண்டிருப்பவர் அவசர உதவி எண் 911-ஐ அழைத்துவிட்டு, கரையிலிருந்தபடி கயிறோ நீளக் கழியோ நீட்ட வேண்டும். ஓடிப்போய்க் கை கொடுக்கப் போனால் இரண்டு பேர் உள்ளே இருப்பார்கள்.

அப்பா, அம்மாவுக்குக் காட்ட இதைவிட நல்ல காட்சி கரையிலேயே இருக்கிறது. கெனால் பார்க்கில் உள்ள கப்பல் அருங்காட்சியகத்தில் வருகை நேரம் கேட்டுக்கொண்டு, கால்வாய்க் கரைக்குப் போய்விடுங்கள். 1,000 அடி நீளக் கப்பல் பனித்துண்டுகளை நெறித்துக்கொண்டு வரும். அது ஊதும், தூக்குப் பாலம் பதிலுக்கு ஊதிக்கொண்டே மேலே எழும். படத்துக்கு வேறென்ன வேண்டும்? கரையோரம் காற்று ஏற்றிவிட்ட நீலப் பாளங்களின் குவியல் அழகாக இருக்கும், தள்ளி நின்றே எடுங்கள்; உள்ளே பொந்தாக இருக்கும், ஏறினால் சரியும். கால்வாய்க் கரையின் கான்கிரீட்டில் அலை தெறித்து உறைந்திருக்கும் என்பதால், வந்து இறங்கியதுமே இருவருக்கும் ஷூவின் அடியில் மாட்டும் முள்பட்டை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.