வண்டி கேள்வி பதில்: டபுள் கேப்ல பெட் எத்தன அடி இருந்தா பத்தும்?

இந்த மாசம் வந்த கேள்வி எல்லாம் பிக்அப் பத்தியே இருக்கு, அதனால மத்த காடி கேள்விகள அடுத்த மாசத்துக்கு எடுத்து வச்சிட்டேன், அனுப்புனவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க. புதுசா படிக்கிறவங்களுக்கு: பெட்னா பின்னாடி சாமான் ஏத்துற தொட்டி, டபுள் கேப்னா பின்சீட்டோட நாலு கதவு கேபின், சிங்கிள் கேப்னா முன்சீட் மட்டும்.

கேள்வி: அண்ணே, எனக்கு சுங்கை சிப்புட் பக்கத்துல 6 ஏக்கர் செம்பனை இருக்கு. இவ்ளோ நாளா பழம் ஏத்த வாடகை லோரிதான், லோரிக்காரர் வர நாள்தான் நமக்கு பழம் வெட்டுற நாள். இப்ப சொந்தமா ஒரு டபுள் கேப் எடுக்கலாம்னு இருக்கோம். வீட்ல அஞ்சு பேரு, ஸ்கூல், கோயில், கல்யாணம் எல்லாத்துக்கும் அதே வண்டிதான். அமெரிக்காவுல இருக்கிற என் மச்சான் நாலு கதவு வண்டியிலயே ஆறரை அடி பெட் வச்சிருக்காரு, அஞ்சு அடி வாங்காத, வாங்குனா பிறகு வருத்தப்படுவன்னு சொல்றாரு. இங்க சேல்ஸ்மேன் அஞ்சு அடிதான் வரும்கிறாரு. என்ன பண்றது?
(செம்பனை வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, உங்களுக்கு அஞ்சு அடி பத்தும். ஏன்னு சொல்றேன், கணக்கையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

உங்க மச்சான் சொல்றது அவர் ஊருக்கு சரிதான். அங்க ஃபோர்டு எஃப்-150ல நாலு கதவு கேபினுக்கே ரெண்டு பெட் இருக்கு, அஞ்சரை அடி ஒன்னு, ஆறரை அடி ஒன்னு. ஆறரை வேணும்னா சேஸியே (வண்டியோட அடிச்சட்டம்) நீளமாகுது, வீல்பேஸ் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல உள்ள தூரம்) 30 சென்டி கூடி வண்டி மொத்தமா 6 மீட்டர தாண்டிடும். அதவிட சின்ன வண்டி டொயோட்டா டகோமா, அதுலயும் 5 அடி, 6 அடின்னு ரெண்டு இருக்கு. நம்ம ஷோரூம்ல நிக்கிற ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ட்ரைட்டன், ரேஞ்சர், நவாரா எதுவா இருந்தாலும் டபுள் கேப்னா ஒரே பெட்தான், எல்லாம் 5 அடிய ஒட்டித்தான் இருக்கும், ஒன்னுக்கு ஒன்னு வித்தியாசம் விரல் கணக்குதான், அதுக்காக பிராண்ட மாத்தாதீங்க. ஹைலக்ஸையே எடுத்துக்குங்க, சிங்கிள் கேப்புக்கும் டபுள் கேப்புக்கும் வீல்பேஸ் ஒரே 3,085 மில்லிதான். அதாவது சேஸி அப்படியே இருக்கு, கேபின் எவ்ளோ நீளுதோ அவ்ளோ பெட்ல குறையுது. சிங்கிள் கேப்ல பெட் 2.3 மீட்டர் பக்கம் வரும், டபுள் கேப்ல 1.5 மீட்டர் சொச்சம். அதனால நம்ம ஊர்ல பெட் நீளத்த முடிவு பண்றதுன்னா பின்சீட் வேணுமா வேணாமான்னு முடிவு பண்றதுதான், ரெண்டும் ஒரே கேள்வி.

இப்ப பழக் கணக்குக்கு வருவோம். 6 ஏக்கர்னா ஏறக்குறைய 2.4 ஹெக்டர். நம்ம மலேசியாவுல சராசரியா ஒரு ஹெக்டருக்கு வருஷத்துக்கு 16 டன் பக்கம் பழம் விழுதுன்னு வச்சா உங்களுக்கு 38 டன் வரும், மாசத்துக்கு ரெண்டு ரவுண்டு வெட்டுனா ரவுண்டுக்கு ஒன்னரை டன்னுக்கு கொஞ்சம் மேல. பழம் கூடுற மாசத்துல ரெண்டு டன்ன தாண்டும், வறண்ட மாசத்துல ஒரு டன்னுக்கு கீழ போகும். டபுள் கேப் தாங்குற எடை, மாடலுக்கு மாடல் மாறும், ஏறக்குறைய 900 கிலோவுலேருந்து ஒரு டன் வரைக்கும். ஆக சாதாரண ரவுண்டுக்கு ரெண்டு நடை, பழம் கூடுற மாசத்துல மூனு நடை. ரேம்ப் (பழம் வாங்குற இடம்) பக்கத்துல இருந்தா இது ஒன்னும் பெரிய வேலை இல்ல. ரேம்ப் ரொம்ப தூரம்னா பழம் கூடுற மாசத்துக்கு மட்டும் அந்த லோரிக்காரரையே கூப்பிடுங்க, அவர்கூட உறவ முறிச்சிக்காதீங்க, ஏன்னா வெட்டுன பழம் 24 மணி நேரத்துக்குள்ள மில்லுக்கு போய் சேர்ந்தாத்தான் எண்ணெய்ல அமிலம் ஏறாம இருக்கும், பழசா போன பழத்துக்கு ரேம்ப்ல விலையில வெட்டு விழும்.

இதுல நல்லா கவனிக்க வேண்டியது என்னன்னா, உங்க மச்சானோட ஆறரை அடி பெட்ட அப்படியே கொண்டாந்து குடுத்தாலும் அதனால மட்டும் ஒரு குலை கூடுதலா ஏத்த முடியாது. பெட் நீளம்ங்கிறது நீளமான சாமானுக்கு, எடைக்கு இல்ல. எடைய தாங்குறது ஸ்பிரிங்கும் ஆக்ஸிலும் டயரும்தான், பெட் நீண்டா வண்டியோட சொந்த எடை கூடுது, தாங்குற எடை கொஞ்சம் குறையத்தான் செய்யும். இது தெரியாம நீளமான பெட்ட பாத்ததும் நெறைய ஏத்தலாம்னு ஏத்தி பின் ஸ்பிரிங்க படுக்க வச்சிட்டு பெங்கேல்ல (பட்டறையில) நிக்கிறவங்கள பாத்தா எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கும்.

இன்னொன்னு, அந்த 900 கிலோவுல ஆளுங்க எடையும் சேர்த்திதான். பெரியவங்க அஞ்சு பேரு ஏறுனா 350 கிலோ போச்சு, இரும்பு ராக், பெட் லைனர், கெனபி (பெட்டுக்கு மேல மாட்டுற மூடி) எல்லாம் மாட்டுனா அதுவும் கழியும். குடும்பத்தையும் ஏத்தி பழத்தையும் ஏத்துற பழக்கம் வேணாம் தம்பி.

அடுக்குறப்ப கனமான குலைய கேபின் சுவர ஒட்டி மொதல்ல போடுங்க, சின்னதும் உதிரி மூட்டையும் கடைசியில. டபுள் கேப்ல பெட்டோட பெரும்பாதி பின் ஆக்ஸிலுக்கு பின்னாடி தொங்குது, பாரம் டெயில் கேட் (பெட்டோட பின்கதவு) பக்கம் போனா முன் டயர் லேசாயிடும், ஸ்டியரிங் காத்துல ஆடுற மாதிரி இருக்கும், ராத்திரியில உங்க லைட்டு எதிர்ல வரவன் கண்ணுல அடிக்கும், தோட்டத்து மண் ரோட்டு மேட்டுல மழை நாள்ல அது ரொம்ப ஆபத்து. மேல வலை போட்டு கட்டாம ரோட்டுக்கு வராதீங்க, மோட்டார்ல வரவன் மேல ஒரு குலை விழுந்தா ஆளே போயிடுவான். நவாரா டபுள் கேப்ல பின்னாடி காயில் ஸ்பிரிங், பிள்ளைங்களுக்கு சொகுசா இருக்கும், ஆனா வாரா வாரம் பாரம் ஏத்துறவங்களுக்கு நான் லீஃப் ஸ்பிரிங் வண்டியத்தான் சொல்லுவேன், காலியா போறப்ப குதிக்கும், அத பொறுத்துக்கணும். உரம் ஏத்துனா அன்னிக்கே பெட்ட தண்ணி விட்டு கழுவிடுங்க, உரம் இரும்ப தின்னுடும்.

கேள்வி: ஐயா, நான் வீட்டு ரிப்பேர், கூரை வேலை எடுத்து செய்றேன். கூட ரெண்டு ஆளு. ப்ளைவுட், ஜிங் ஷீட், பிவிசி பைப், ஏணி எல்லாம் ஏத்தணும். டபுள் கேப் போதுமா?
(குத்தகை வேலை செய்யும் வாசகர், கோலகங்சார்)

பதில்: ப்ளைவுட்டு 4க்கு 8 அடி, அதாவது 1.22க்கு 2.44 மீட்டர். டபுள் கேப் பெட் 1.5, டெயில் கேட்ட எறக்கி விட்டா அது ஒரு அரை மீட்டர் குடுக்கும், மொத்தம் 2 மீட்டர், மிச்சம் 44 சென்டி வெளிய நீட்டும். நீளத்தையாவது சமாளிக்கலாம், அகலம்தான் இடிக்கும். ரெண்டு வீல் மேடுக்கும் நடுவுல நம்ம பிக்அப் பலதுல 1.1 மீட்டர் பக்கம்தான் இருக்கு, 4 அடி பலகை தரையில படுக்காது. அமெரிக்க பெரிய வண்டிகள்ல அந்த இடைவெளி 4 அடிய தாண்டும், அதான் வீடியோவுல பலகைய அப்படியே தள்ளி விடுறாங்க, அத பாத்துட்டு இங்க வாங்கிட கூடாது. வீல் மேட்டு உயரத்துக்கு ரெண்டு மூனு கட்டை குறுக்க போட்டு அதுக்கு மேல பலகைய அடுக்குறது ஒரு வழி, ஆனா டெயில் கேட் மேல கனத்த ஏத்தாதீங்க, அந்த கேபிளும் கீலும் அவ்ளோ பாரத்துக்கு செஞ்சது இல்ல. டெயில் கேட் எறங்குனா சில மாடல்ல நம்பர் பிளேட் மறைஞ்சிடும், அதையும் பாத்துக்குங்க.

உங்களுக்கு நான் சிங்கிள் கேப்தான் சொல்லுவேன். பெட் 2.3 மீட்டர், ப்ளைவுட்டு ஒரு சாண் கூட நீட்டாது. மூனாவது ஆள் மோட்டார்ல வரட்டும். இல்ல மூனு பேரும் ஒரே வண்டியிலதான் போகணும், சாமான வாரத்துக்கு ஒரு தடவதான் ஏத்துறோம்னா டபுள் கேப் எடுத்து மேல இரும்பு ராக் அடிச்சிக்குங்க. பைப்பு 5.8 மீட்டர், அதுக்கு எந்த பெட்டும் பத்தாது, அமெரிக்காவுல கெடைக்கிற 8 அடி பெட்டும் பத்தாது, ராக்குலதான் போகணும் இல்லன்னா ஹார்ட்வேர் கடைக்காரரையே எறக்க சொல்லணும், நெறைய கடையில எறக்கி குடுக்குறாங்க. வெளிய நீட்டுற எதுக்கும் நுனியில சிவப்பு துணி கட்டுங்க, ராத்திரியில சிவப்பு லைட்டு.

கேள்வி: வணக்கம் அண்ணே, நான் கேட்டரிங் செய்றேன். தாமான்ல டெரஸ் வீடு, போர்ச் சின்னது. வீட்டுக்காரர் டபுள் கேப் வாங்கலாம்கிறாரு, எனக்கு அது உள்ள நுழையுமான்னே சந்தேகமா இருக்கு. பெரிய அண்டா, கேஸ் தோம்பு, அடுப்பு எல்லாம் நான்தான் தூக்கி எறக்கணும், நான் ஆள் கொஞ்சம் குட்டை.
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: தங்கச்சி, உங்க சந்தேகம் ரொம்ப சரியான சந்தேகம், வாங்கினதுக்கு அப்புறம் கேக்குறவங்கதான் அதிகம். ஹைலக்ஸ் டபுள் கேப் 5.3 மீட்டர், அதாவது பதினேழரை அடி. ரேஞ்சர் 5.37 மீட்டர். வீட்டு சுவர்லேருந்து கேட் வரைக்கும் டேப்ப வச்சி அளங்க, கேட் உள்பக்கம் தொறக்குதுன்னா கேட் சுத்துற இடத்தையும் கழிச்சிடுங்க, முன்னாடி ஆள் நடக்க ஒன்னரை அடி விடுங்க. 19 அடிக்கு கீழன்னா வண்டி வால் ரோட்டுல நிக்கும், பக்கத்து வீட்டோட வாராவாரம் பேச்சு வரும். கடை வீதி பார்க்கிங்லயும் ஒரு கோடு 5 மீட்டர் பக்கம்தான், அங்கயும் மூக்கு நீட்டத்தான் செய்யும், இதுக்கு மேல பெட் நீண்டிருந்தா இன்னும் மோசம்.

தூக்கி எறக்குறதுல குட்டை பெட் உங்களுக்கு உதவி. அஞ்சு அடி பெட்ல பக்கவாட்டுலேருந்தும் டெயில் கேட்லேருந்தும் கைய விட்டா ஓரளவு எல்லா சாமானும் எட்டும். ஏழரை அடி பெட்ல கேபின் பக்கம் நகந்து போன அண்டாவ எடுக்க ஒவ்வொரு தடவையும் ஏறி எறங்கணும். ஆனா உயரத்த பாருங்க, நீளத்தவிட உங்களுக்கு அதுதான் முக்கியம். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில டெயில் கேட் இடுப்புக்கு மேல வரும், கொதிக்கிற சாம்பார் அண்டாவ அவ்ளோ உயரம் தூக்குறது ஆபத்து. ஷோரூம்ல வெறும் கையோட பாக்காதீங்க, ஒரு காலி அண்டாவ கொண்டு போய் ஏத்தி எறக்கி பாருங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. 14 கிலோ தோம்பு காலியா இருந்தாலும் நிமித்தி வச்சி கேபின் பக்கம் பெல்ட் போட்டு கட்டணும், படுக்க வைக்க கூடாது, மூடுன கெனபி உள்ள தோம்ப பூட்டி வெயில்ல விடவே கூடாது. எல்லாத்தையும் சேர்த்து பாத்தா உங்க வேலைக்கு தாழ்வான ஒரு பேனல் வேன் இன்னும் நல்லா இருக்கும்னு எனக்கு படுது, வீட்டுக்காரர்கிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க.

கேள்வி: டபுள் கேப் சேஸிய வெட்டி பெட்ட ரெண்டு அடி நீட்டி குடுக்குற ஆளு இருக்காருன்னு கூட்டாளி சொல்றான். செய்யலாமா?
(இளைஞர், தஞ்சோங் ரம்புத்தான்)

பதில்: வேணாம் தம்பி. ஜே.பி.ஜே. (சாலை போக்குவரத்து இலாகா) அனுமதி இல்லாம சேஸிய மாத்துறது குத்தம், விபத்துன்னு ஒன்னு நடந்தா இன்சூரன்ஸ் கைவிரிச்சிடும். சேஸிய வெட்டாம பெட்ட மட்டும் பின்னாடி நீட்டுனாலும் பாரம் ஆக்ஸிலுக்கு பின்னாடி போய் முன்பக்கம் லேசாகும், மேல சொன்ன அதே ஆபத்துதான் ரெண்டு மடங்கா. அந்த காச சேத்து வச்சி சிங்கிள் கேப்புக்கு மாறுங்க, இல்ல சின்ன லோரி பாருங்க.

கேள்வி: மோட்டார பெட்ல ஏத்திட்டு போகணும், அஞ்சு அடியில அடங்குமா? தைப்பூசத்துக்கு காவடி சாமானோட பசங்களும் பின்னாடி உக்காந்து வரலாமா?
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: மோட்டார் 1.9 மீட்டர் பக்கம் வரும், நேரா வச்சா டெயில் கேட் மூடாது. மூலைக்கு மூலை சாய்வா வச்சா பெட்ல 2 மீட்டர் பக்கம் கெடைக்குது, முன் டயர கேபின் மூலையில முட்ட வச்சி ஹேண்டில திருப்பி விட்டா சின்ன மோட்டார் பலதும் அடங்கிடும். முன் ஃபோர்க்க ரெண்டு பக்கமும் பெல்ட் போட்டு கீழ இழுத்து கட்டுங்க, ஸ்டாண்ட நம்பி விடாதீங்க. காவடி சாமான் தாராளமா ஏத்துங்க, உயரத்த மட்டும் பாத்து கட்டுங்க. பசங்க பின்னாடி வேணவே வேணாம், பெல்ட் இல்ல, ஒரு பிரேக் போதும். அவங்கள தனியா ஒரு வேன்ல அனுப்பிடுங்க.